ரோபோவுக்குக் கழித்தல் வராது

என்னை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு முன் வகுப்பு டீச்சர் தினமும் ஒன்று கேட்பார், பாத்ரூம் போய்விட்டு வந்தாயா என்று. கேஜி பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில் கேட்பார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போவேன். பின்னால் சாவி திரும்பும்.

வகுப்பறையை ஒட்டிய ஸ்டோர் ரூம் அது. பசை டப்பாக்கள், கிரேயான் பெட்டிகள், பிள்ளைகள் மதியம் படுக்கிற பாய்கள். ஜன்னல் இல்லை. கதவில் இருந்த சின்னக் கண்ணாடியையும் பட்டாம்பூச்சி வெட்டி ஒட்டிய சார்ட் பேப்பரால் மறைத்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி, ஒரு டேப்லட், காதில் ஒரு ஹெட்செட். நான் டைப் செய்தால் கதவுக்கு அந்தப் பக்கம் ரோபோ பேசும்.

பள்ளி ஷார்ஜாவில், முவைலாவில் இருந்தது. இந்தியப் பாடத்திட்டம், பெரிய கட்டடம், வாசலில் வரிசையாக மஞ்சள் பஸ்கள். நான் கேஜி பிரிவில் அசிஸ்டெண்ட். அந்த வருடம் பள்ளி ரோபோ வாங்கியது. பிள்ளைகள் சொல்வதை அதுவே புரிந்துகொண்டு பதில் சொல்லும் என்று விற்ற கம்பெனிக்காரர் கோட் போட்டுக்கொண்டு வந்து சொன்னார். அது புரிந்துகொள்ளவில்லை. கேரளத்துப் பிள்ளையின் இங்கிலீஷ் ஒரு மாதிரி, லக்னோ பிள்ளையுடையது ஒரு மாதிரி, பிலிப்பினோ ஆயாவிடம் பேசிப் பழகிய பிள்ளையுடையது வேறு மாதிரி. யார் என்ன சொன்னாலும் ரோபோ “ஸாரி, மறுபடி சொல்” என்றது. மூன்றாம் நாளே பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். புது சாஃப்ட்வேர் வரும்வரை உள்ளிருந்து யாராவது இயக்கலாம் என்று கம்பெனிக்காரர் வழி சொன்னார். வேகமாக டைப் செய்யத் தெரிந்தவள் நான்.

முதலில் பூட்டவில்லை. ஒரு பையன் கிரேயான் எடுக்க ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, வெளியே சாவி மட்டும்தான். அன்று மாலையே பிரின்சிபால் பூட்டச் சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக் கட்டணத்தைக் குறைப்பதற்காகத் தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். மற்றவர்கள் அதைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். பள்ளியில் ஒருநாள்கூட நான் பெஞ்சு மேல் நின்றதில்லை. தவறான விடை சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேனே தவிர, தவறாகச் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த வேலை, தவறாகச் சொல்வது. அதுதான் அந்த ரோபோவின் பாடமுறை. ரோபோவுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைகள்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன்னைவிட மக்கு ஒன்று கிடைத்துவிட்டால் எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வருமோ தெரியாது. ஏழிலிருந்து மூன்று போனால் ஐந்து என்று ரோபோ சொல்லும். வகுப்பே தலையில் அடித்துக்கொள்ளும். பிறகு ஆளுக்கு ஆள் விரலை நீட்டிக்கொண்டு ரோபோவின் முகத்துக்கு நேரே வருவார்கள்.

ரோபோவின் நெற்றியில் காமிரா இருந்தது. உயரம் அவர்களுடைய இடுப்பளவு. அதனால் பிள்ளைகளை எனக்குக் கீழிருந்துதான் தெரியும். மோவாய், மூக்குத் துவாரம், விழுந்த பல்லின் இடைவெளி. வராந்தாவில் எதிரே வந்தால் ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நிற்பேன். கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர்களில் ஒரு பெண் குழந்தை. அவளுடைய வாப்பாவுக்குத் துபாய் தேராவில் கடை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். அவள் பேசியதை நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். கழித்தல் கணக்கு என்றாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து அவளை வெளியே கொண்டுவந்தது என் தவறுகள்தான். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று ஹெட்செட்டில் கேட்டுக் கேட்டு, அவள் தடுமாறுகிற அதே இடத்தில் ரோபோவையும் தடுமாற வைத்தேன். போனது போக மீதியை மட்டும் எண்ணாமல், போனதில் ஒன்றையும் சேர்த்து எண்ணிவிடுவாள். ரோபோவும் அப்படியே எண்ணியது. இரண்டு நாள் மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் வெளியே வந்து, “ஐயோ, போனது போயிருச்சு ரோபோ, அதை ஏன் எண்ணுற?” என்றாள். நான் அந்தப் பாய்களின் நடுவே தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், சத்தம் வராமல்.

குளிர்கால விடுமுறைக்கு முன் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்காக வேலையை விட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார். அந்த வகுப்பு காலியாகப் போகிறது. என்னை வேலைக்கு எடுத்தபோதே, இடம் காலியானால் வகுப்பு தருகிறோம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். பிரின்சிபால் மெட்ராஸ்காரர். போய் நின்றேன்.

“மேம், அந்த கிளாஸ் எனக்குக் கிடைக்குமா?”

“உனக்கு இல்லாமயா? நீ ரொம்ப டேலண்டட்மா. ஆனா நீ கிளாஸ் எடுத்தா ரோபோவ யாரு பாக்கறது?”

“வேற யாருக்காவது சொல்லித் தரேன் மேம்.”

“சொல்லித் தந்து வர விஷயமா அது? ரோபோவே நீதானேம்மா.” பாராட்டிவிட்ட திருப்தியில் சிரித்தார். “வியாழக்கிழமை ஓப்பன் டே முடியட்டும். பேரண்ட்ஸ் முன்னாடி நல்லா பண்ணிடு. அப்புறம் பேசலாம்.”

நான் தங்கியிருந்தது இரண்டு நர்ஸ்களோடு ஒரே அறையில். அதில் குளச்சல் பக்கத்து அக்கா ஒருவர். நான் வந்து பையை வைத்ததுமே கேட்பார். “என்ன மக்கா, இன்னைக்கும் ஜெயிலா?”

“போங்கக்கா.”

“ஒனக்காவது அரை மணிக்கூர். எனக்குப் பன்னெண்டு மணிக்கூர் டூட்டி. பேசாம அந்த ரோபோவ எங்க வார்டுக்கு அனுப்பு. பெட்பான் எடுக்கட்டும்.”

“அதுக்கும் நான்தான் உள்ள உக்காரணும்.”

“பெட்பானுக்குள்ளயா?” என்று அவர் கேட்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவிடம் சிரிக்க முடியவில்லை. அவர் இங்கே சோனாப்பூர் லேபர் கேம்பில் இருந்தவர். கம்பெனி பஸ்ஸில் சைட்டுக்குப் போய், வெயிலில் சாரம் கட்டிய காசில்தான் நான் படித்தேன். ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன்.

“ரூம்ல ஏசி இருக்கா?” என்றார்.

“இருக்குப்பா.”

“உக்காந்துதான செய்யற?”

“உக்காந்துதான். ஆனா பூட்டிடறாங்கப்பா.”

“பூட்டுனா என்ன, யாரும் வந்து ஜல்தி ஜல்தின்னு வெரட்ட மாட்டான்ல. அதுக்குத்தாம்மா உன்ன படிக்க வச்சேன்.”

அவருக்கு எப்படிச் சொல்வது? பதினேழு வருடம் படித்தவள் வகுப்புக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறேன் என்பது, வெயிலில் நின்றவரிடம் சொல்கிற குறையாகவா இருக்கிறது? வேலையை விட்டால் விசா கேன்சல். விசா கேன்சல் என்றால் ஊர். ஊரில் எல்லோரிடமும் என் மகள் துபாயில் டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார். ஷார்ஜா என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியாதாம்.

ஓப்பன் டே அன்று பெற்றோர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காமிராவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஷூக்களும் கைப்பைகளும்தான். பிரின்சிபாலின் சேலைக் கரை ஓரமாக நின்றது. ரோபோ கம்பெனியின் கோட்டுக்காரரும் வந்திருந்தார். ரோபோ வணக்கம் சொன்னது, தவறாக எண்ணியது, பிள்ளைகள் திருத்தினார்கள், பெற்றோர்கள் கைதட்டினார்கள். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் பிரின்சிபால், “யாராவது ரோபோகிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

தேராக் கடைக்காரர் மகள் முன்னால் வந்தாள். அவளுடைய மோவாய் திரை முழுவதையும் நிறைத்தது.

“ரோபோ, அந்த மிஸ் என்ன தப்பு பண்ணாங்க?”

யாருக்கும் புரியவில்லை. பிரின்சிபால், “எந்த மிஸ் கண்ணா?” என்றார்.

“நீ வரும்போதெல்லாம் அவங்கள அந்த ரூம்ல போட்டுப் பூட்டறாங்க இல்ல, அந்த மிஸ். பாவம். அவங்க என்ன தப்பு பண்ணாங்க?”

டேப்லட்டின் கீழே மஞ்சளாக ஒரு பட்டன் உண்டு. பிள்ளைகள் ஏடாகூடமாக எதையாவது கேட்டால் அழுத்துவதற்கு. அழுத்தினால் ரோபோ, “ஆஹா, நல்ல கேள்வி! வா, நாம் பாடலாம்” என்று ஆடத் தொடங்கிவிடும். என் விரல் அதன் மேலேயே இருந்தது. அழுத்தியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் போய் வகுப்பைக் கேட்டிருக்கலாம்.

இத்தனை நாளாக இந்தப் பிள்ளைகள் என்னைத் தண்டனை வாங்குகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவர்கள் ஒதுங்கி வழிவிட்டதை மரியாதை என்று எண்ணியிருந்தேன். பட்டனை விட்டுவிட்டு டைப் செய்தேன். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் ஒரு டீச்சர் என்றது ரோபோ.

“அப்புறம் ஏன் பூட்டறாங்க?”

நீயே கதவைத் திறந்து கேட்டுக்கொள் என்று டைப் செய்தேன்.

அவளுடைய மோவாய் திரையை விட்டு விலகியது. பிரின்சிபால் ஏதோ சொன்னார், யாரோ சிரித்தார்கள். கதவிலேயே இருந்த சாவி திரும்பியது. வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. மடியில் டேப்லட்டோடு, காதில் ஹெட்செட்டோடு நான் உட்கார்ந்திருந்ததை அத்தனை பெற்றோர்களும் பார்த்தார்கள். இந்த முறை எல்லோருக்கும் முழு முகம் இருந்தது.

அவள் என் மடியைப் பார்த்தாள். திரும்பி ரோபோவைப் பார்த்தாள். ஐந்து வயதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

“நீங்கதான் ரோபோவா மிஸ்?”

“ஆமா.”

“அப்போ மைனஸ் வராதது உங்களுக்கா?”

வகுப்பு முழுவதும் சிரிப்பு. ஒருவர் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார். கோட்டுக்காரர் அவசரமாக, இதுவும் எங்கள் முறையில் ஒரு பகுதிதான் என்று யாருக்கோ விளக்கத் தொடங்கினார். பிரின்சிபாலின் கண்ணை என்னால் பார்க்க முடிந்தது. சொல்லித் தொலை என்றது அது.

நான் கணக்கில் பி.எஸ்சி. என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்குத் தெரியும் கண்ணா, உனக்காகத் தெரியாத மாதிரி நடித்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளோ குதிகாலைத் தூக்கி, விரல்களை நீட்டிக்கொண்டு நின்றாள். மேஜைக்கு அடியில் இருந்த பெண் இல்லை அவள், ஒருத்திக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள். நடித்தேன் என்றால் அவள் கொடுத்தது எல்லாம் பொய்யாகிவிடும்.

“ஆமா, எனக்குத்தான் வராது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எரிச்சலாகவே இருந்தது. நல்லது செய்த நிம்மதி ஒன்றும் வரவில்லை. சொன்னதும் முகமெல்லாம் எரிந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். கத்தவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினார். அந்த அசிஸ்டெண்டுக்குச் சின்னக் கழித்தல்கூட வராதாமே, அவரையா வகுப்புக்குப் போடப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

“மேம், நான் மேத்ஸ் கிராஜுவேட். உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும்மா. அது மெத்தட்டுனு நான் அவங்களுக்கு விளக்கலாம். விளக்குனா, அப்ப டீச்சரே போதுமே, ரோபோ எதுக்குன்னு கேப்பாங்க. ரோபோவக் காட்டித்தான அட்மிஷனே போட்டிருக்கோம்?” பிறகு குரலைத் தணித்து, “அடுத்த வருஷம் பாக்கலாம். இனிமே ரூம்ல உக்கார வேண்டாம். வெளியவே ரோபோ பக்கத்துல உக்காந்து பண்ணு. ஒளிச்சு வச்சாதான் தப்பாத் தெரியுதாம், கம்பெனிலயே சொல்லிட்டாங்க” என்றார்.

விடுமுறை முடிந்து புது டீச்சர் வந்தார். நல்லவர். நான் வகுப்பின் மூலையில், ரோபோவுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். நான் டைப் செய்வது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனாலும் பிள்ளைகள் கேள்வியை ரோபோவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், பதிலுக்கும் அதன் முகத்தையேதான் பார்த்துக் காத்திருக்கிறார்கள். எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினால்கூடத் திரும்ப மாட்டார்கள் போல. அந்த ஸ்டோர் ரூமில் பூட்டு இருந்ததால், பூட்டித்தானே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது.

அவள் மட்டும் ரோபோவை விட்டுவிட்டாள். பாடம் முடிந்து மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது என்னிடம் வருகிறாள். என் இரண்டு கைகளையும் எடுத்து மேஜை மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறாள்.

“கவலைப்படாதீங்க மிஸ். எனக்கும் முதல்ல வரல. ஒன்பதுல நாலு போனா?”

எனக்குத் தெரியும் என்று தொண்டை வரை வருகிறது. தினமும் வருகிறது. புது டீச்சர் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் கேட்கும். நான் விரல்களை எண்ணுகிறேன், போனதில் ஒரு விரலையும் சேர்த்து.

“ஆறு.”

அவள் பெருமூச்சு விட்டு, என் விரல்களை மடக்கி, நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

“மறுபடியும் முதல்லேருந்து.”