வலது பக்கத்துப் பின் சிலிண்டர்

அந்தச் சின்ன விமானத் தளத்தில் அவளைக் 'காய்ச்சல் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. விமானம் இறங்கி வந்து நின்றதும், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இன்ஜின் மூடியின்மேல் புறங்கையை வைப்பாள். அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு. "சுடுது" என்று அவள் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. முன்பு பன்னிரண்டு வருஷம் பஸ் டிப்போவில் ரேடியேட்டர் பார்த்தவள். சூடு என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பகை என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அவள் கைக்கு வருபவை பெரும்பாலும் அவளைவிட மூத்த விமானங்கள். இவற்றின் இன்ஜினுக்குக் காரில் இருப்பதுபோலத் தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது. எதிரே வரும் காற்றுதான் எல்லாம். மூக்கில் இருக்கும் இரண்டு வாய்கள் வழியாக உள்ளே வரும் காற்று, நான்கு சிலிண்டர்களின் இடுக்குகளில் புகுந்து கீழே இறங்கிச் சூட்டை வாரிக்கொண்டு போக வேண்டும். காற்றுக்கு அந்தப் புத்தி கிடையாது. எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே ஓடிவிடும். அதனால் சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்து, தடுப்புக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பார்கள். அந்தப் பட்டை காற்று வரும் திசையைப் பார்த்து, முன்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றே அதை மூடியோடு சேர்த்து அழுத்தும். பின்பக்கம் மடங்கிவிட்டால் போச்சு. குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியாகவே தப்பித்துப் போய்விடும், சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் அங்கே இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று வைத்திருந்தார். அறுபது வயது விமானம், எழுபது வயது டாக்டர். வெயில் நாளில் மேலே ஏறும்போதெல்லாம் சூட்டுமானி சிவப்பைத் தொடுகிறது என்று கொண்டுவந்து விட்டார். அவள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். ரப்பர் பட்டையெல்லாம் பிஸ்கட் மாதிரி கையோடு உடைந்து வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அளவெடுத்து, வெட்டி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் மூடியை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் மகளிடமிருந்து போன். அவளுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அழுதாள். சத்தமில்லாத இடம் தேடி வெளியே போய், அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் மூடி மாட்டி, திருகாணியெல்லாம் முடுக்கி, துடைத்தும் வைத்திருந்தது. தளத்தின் பெயின்டர்தான் ஒத்தாசைக்கு மாட்டியிருந்தார். நல்ல மனிதர், சும்மா நிற்கத் தெரியாதவர். அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கை கழுவப் போகும்போதும் மனம் மகளின் காலில்தான் இருந்தது.

டாக்டர் வந்தார். அன்றைக்கென்று பார்த்து அவள் கணவரும் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். அவர் தையல்காரர். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாதவர்.

"வாங்க சார், ஒரு சுத்து போயிட்டு வரலாம். உங்க வீட்டம்மா கையால ரிப்பேர் பண்ணது, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்தாள். "போயிட்டு வாங்களேன். தைக்கிற மிஷின் மாதிரிதான் சத்தம் போடும்."

அவர் போனார். விமானம் ஓடி, எழும்பி, மலைப் பக்கமாகத் திரும்பியது.

பத்து நிமிஷம் இருக்கும். பெயின்டர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் புது ரப்பர் சரியான அடம். பின்னாடி மூலையில இருக்குறது முன்னாடி முன்னாடி வந்து நின்னுச்சு. மூடி உக்காரவே இல்ல. ஸ்க்ரூடிரைவரால பின்னாடி தள்ளிவிட்டுத்தான் மூட முடிஞ்சுது."

பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னார். அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்தான். ஏன்க்கா?"

அந்த விமானத்தில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு சூட்டுமானி. அது இடது பக்கத்துப் பின் சிலிண்டரில் இருந்தது. வலது பக்கம் கொதித்துக் கிடந்தாலும் டாக்டரின் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஊசி இறங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்னும் உயரம் ஏறுவார். ஏறும்போது வேகம் குறைவு, காற்றும் குறைவு, இன்ஜினுக்கோ முழு உழைப்பு. மலைக்கு அந்தப் பக்கம் இறங்க ஒரு முழம் சமதரை கிடையாது.

அலமாரியில் இருந்த கை ரேடியோவை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினாள்.

"டாக்டர், கேக்குதா? நான்தான்."

கரகரப்பு. இரண்டாம் முறையும் கரகரப்பு. மூன்றாம் முறை குரல் வந்தது. "கேக்குதும்மா. பிரமாதமா இருக்கு. மீட்டர் பச்சையிலயே நிக்குது!"

"டாக்டர், மேல ஏறாதீங்க. உடனே திரும்புங்க. வலது பக்கம் ரப்பர் மடங்கியிருக்கு."

"எனக்கு இங்க எல்லாம் சரியாத்தானே காட்டுது. மலையைத் தாண்டி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறோம்."

கத்தினால் அவர் பதறுவார். பதறினால் கை தப்பு செய்யும். அவருக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது?

"டாக்டர், வலிக்கிற பல்லை விட்டுட்டு எதிர்ப் பக்கத்துப் பல்லைத் தட்டிப் பாத்து, எல்லாம் நல்லாருக்குன்னு யாரையாவது அனுப்பி வச்சிருக்கீங்களா? உங்க மீட்டர் இருக்குறது இடது பக்கம். நோவு வலது பக்கம்."

அவள் ரேடியோவைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"சொல்லும்மா. என்ன பண்ணணும்?" டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"மூக்கைக் கீழ இறக்குங்க, வேகம் வரட்டும். பவரை ஒரேயடியாக் குறைக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. பெட்ரோல் கலவையை முழுசாத் திறந்து விடுங்க. ஆயில் அழுத்தத்துல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"சரி... ஆயில் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பெயின்டர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அக்கா, என்னாலயா? என்னாலதானா?"

"இப்ப பேசாதீங்க. சத்தத்தைக் கேளுங்க."

வானத்தில் ஒன்றும் இல்லை. மலைமேல் ஒரு மேகம், அவ்வளவுதான். அவள் மனம் கணக்குப் போட்டது: வர எட்டு நிமிஷம், எதிர்க்காற்று இருந்தால் பத்து. "போயிட்டு வாங்களேன்" என்று சொன்னது தானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டு வேறு சொன்னாள். மகளுக்கு என்ன சொல்வது? அந்த நினைப்பைப் பாதியிலேயே வெட்டிவிட்டு மறுபடி காதைத் தீட்டினாள்.

ஏழாம் நிமிஷம் ரேடியோவில் கணவரின் குரல் வந்தது. "டாக்டருக்கு ரெண்டு கையிலயும் வேலை இருக்காம். என்னைப் பேசச் சொன்னார். இன்ஜின் அப்பப்ப இருமுது. அது பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க" என்றாள். அது பொய்.

முதலில் சத்தம் வந்தது. விட்டு விட்டு, சுருதி தப்பிய சத்தம். பிறகு மேகத்துக்குக் கீழே ஒரு புள்ளி. ஓடுபாதைக்கு நேராக வருகிறவரைக்கும் அவள் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. சக்கரம் தரையில் பட்டு ஒருமுறை துள்ளி, மறுபடி பட்டது. பாதி வழியிலேயே இன்ஜின் நின்றுபோயிற்று. விமானம் உருண்டு வந்து புல்லில் நின்றது.

அவள் ஓடினாள். கணவர் இறங்கி, சட்டையில் வாந்தியோடு நின்றார்.

"பயந்துட்டீங்களா?"

"இன்ஜின் இரும ஆரம்பிச்சதும் பயந்தேன். உன் குரல் வந்ததும் சரியாப் போச்சு. 'கேஸை அணைச்சீங்களா'ன்னு காலையில கேப்பியே, அதே குரல்" என்றார். சொல்லிவிட்டு இறக்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறிய பிறகு மூடியைக் கழற்றினார்கள். வலது மூலையில் ரப்பர் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. நடுவே மூன்று விரல் போகும் சந்து. அந்தப் பக்கத்துப் பின் சிலிண்டரின் சாம்பல் நிறப் பெயின்ட் கருகிப் பழுப்பாகியிருந்தது.

"அக்கா, நான்தான்னு பெரியவர்கிட்ட சொல்லிடுவீங்களா?" என்று பெயின்டர் கேட்டார். பெரியவர் என்றால் தலைமை இன்ஜினியர். அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு.

அவள் பதிவேட்டை எடுத்து எழுதினாள்: 'மூடி மாட்டும்போது நான் அருகில் இல்லை. திறந்து பார்க்காமல் கையெழுத்திட்டேன். மாட்டியவருக்கு முறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.'

பெரியவர் அதைப் படித்துவிட்டு மூன்று வாரம் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். அந்த மூன்று வாரமும் உதிரிபாக அறையில் நட்டும் போல்ட்டும் பிரித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்குப் போன சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் துளையிலிருந்து நகக்கண் நீளத்துக்கு ஒரு விரிசல் கண்டுபிடித்தார்கள். சோதித்தவரிடம் போனில் கேட்டாள், இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று.

"அஞ்சு நிமிஷமும் இருக்கலாம், அம்பது மணி நேரமும் இருக்கலாம். அதையெல்லாம் யாரும் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

ஒரு பதில் கிடைத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. வீட்டில் கணவரின் தைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றாலும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். நூல் அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

பெயின்டர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். எல்லா விமானங்களின் ரப்பர் பட்டையிலும் முன்பக்கம் சிவப்புக் கோடு இழுத்தார். மூக்கின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் மடங்கியிருக்கிறது. பெரியவர் அதை விதியாகவே ஆக்கிவிட்டார்.

புது சிலிண்டரும் நான்கு சூட்டுமானிகளும் பொருத்தி விமானம் தயாரானபோது, முதல் ஓட்டத்துக்குப் பக்கத்து இருக்கையில் நானே உட்காருகிறேன் என்றாள். டாக்டர் மறுக்கவில்லை. நிதானமாக ஏறினார். கீழே ஆறு வெயிலில் மின்னியது.

"அம்மா, கீழ பாருங்க. எவ்வளவு அழகு!"

அவள் நான்கு ஊசிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க பாருங்க டாக்டர். எனக்கு இங்க வேலை இருக்கு."