ஜீவராணியின் பத்து நகங்கள்

பொழுது சாயும் நேரத்தில் சர்மிளா கைகால் கழுவிவிட்டு வாஸ்லின் டப்பாவோடு வந்து உட்கார்ந்தால் ஜீவராணி கையை நீட்டுவாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

சர்மிளா அவளுடைய கொழுந்தன் மனைவி. வட்டவளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இரண்டு குடும்பமும் குடியிருந்தன. ஜீவராணிக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்து எடுத்து, கண்டியில் ஊசி மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவளுக்குக் கையும் காலுமாக இருந்தது சர்மிளாதான். அதுதான் ஜீவராணியால் பொறுக்க முடியாததும்.

சர்மிளாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, ஓரங்களில் வெடித்துக் கிடந்தன. கல்யாண வீட்டுக்குப் போகுமுன் புளிப்புத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துப் போக்கப் பார்க்கும் கறை. இப்போது அந்தக் கறைமேலேயே ஜீவராணிக்குப் பொறாமையாக இருந்தது. அவளுடைய நகங்களும் கறுத்துத்தான் போயிருந்தன. ஆனால் அவை சும்மா உட்கார்ந்திருந்து கறுத்தவை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு நகங்களில் குறுக்கே கோடு விழுந்து, அடியில் வலி தொடங்கியது. உள்ளங்கைத் தோல் காய்ந்து உரிந்தது. நர்ஸ் மிஸ் சிங்களத்தில் நிதானமாகச் சொல்லியிருந்தாள். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக, குட்டையாக வைத்திருக்க வேண்டும். ஓரத்துத் தோலைப் பிய்க்கக்கூடாது. சட்டி பானை கழுவினால் கையுறை போட வேண்டும். சுடுதண்ணீர், காரமான சவர்க்காரம், தேசிக்காய் எதுவும் ஆகாது. கழுவிய கையை ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாஸ்லின் பூச வேண்டும். நகக்கண் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். கூட வந்திருந்த சர்மிளா இதையெல்லாம் கோயில் விரதம் போலப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கோப்பைய வைங்க. நா கழுவுறேன்."

"ஒரு கோப்பைதானே புள்ள."

"ஒரு கோப்பையில தண்ணி இல்லையா?"

இப்படி ஒரு மாலையில்தான் கங்காணி ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்றார்.

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"இருக்கேண்ணே."

"வியாழக்கெழம மேமலையில மொதக் கொழுந்து எடுக்கிறோம்."

ஜீவராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி தளிர்த்துக் கொழுந்து எடுக்கத் தொடங்கும் அன்று, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, கைராசிக்காரி ஒருத்தி முதல் கைப்பிடியை எடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். எத்தனையோ மலைகளுக்கு அது ஜீவராணியின் கைதான்.

"சர்மிளாவ எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் கங்காணி. "ஒங்க குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்."

"ஆமாண்ணே, கைராசியும் மாமியா சங்கிலி மாதிரிதான் பாருங்க. என் கழுத்துலருந்து கழட்டி அவ கழுத்துல போட்டாச்சு."

கங்காணி இருமிக்கொண்டே போய்விட்டார். சர்மிளா தலையைக் குனிந்தபடி, "நா கேக்கலக்கா" என்றாள்.

"கேக்காம கெடைக்கிறதுதான அதிர்ஷ்டம்."

நோய் பட்ட கை ஆகாது என்று நினைத்துவிட்டாரா? அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. நினைத்தது கங்காணி, ஆனால் வயிறு எரிந்தது சர்மிளாமேல்.

வியாழக்கிழமை காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குச் சர்மிளா போனதும் ஜீவராணி எழுந்தாள். விரல் வெடித்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் பழைய சைக்கிள் டியூபை மோதிரம் மோதிரமாக வெட்டி இறுக்கமாக மாட்டிக்கொள்வார்கள். அவளிடம் ஒரு தகர டப்பா நிறைய இருந்தது. வெடிப்புக்குக் காவல் என்றால் நகத்துக்கும் காவல்தானே என்று நினைத்தாள். நகம் மூடும்படி ஒவ்வொரு விரலிலும் இரண்டு மாட்டினாள். தலைக்குத் துணி கட்டி, செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலையேறினாள். வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்து உட்கார்ந்து போக வேண்டியிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது. சர்மிளா செடிக்கு நேரே கையை நீட்டியிருந்தாள்.

"நில்லு புள்ள!"

எல்லோரும் திரும்பினார்கள். ஜீவராணி அவளை விலக்கி முன்னே வந்து, இரண்டு கையாலும் முதல் கைப்பிடியை எடுத்தாள். "பொலி! பொலி!" என்று கொழுந்து பெருக வேண்டிப் பெண்கள் குரல் கொடுத்தார்கள். சர்மிளாவும் கொடுத்தாள். அது ஜீவராணிக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அத்தோடு அவள் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்துச் செடி நிரையில் சர்மிளாவின் கை பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? தூறல் மழையில், கொழுந்து நிறுவைக்குக் கூப்பிடும்வரை நின்று எடுத்தாள். டியூபுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி விரல்கள் ஊறின. வலது பெருவிரலில் ஏதோ நெகிழ்ந்ததுபோல் இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

அன்று மாலை, டியூபைக் கழற்றாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, டப்பாவோடு வந்த சர்மிளாவிடம், "நானே பூசிக்கிட்டேன், போ" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்த நாள் சர்மிளா அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தவள், "நெருப்பா சுடுதேக்கா!" என்று அலறி, டியூபை வெட்டி எடுத்தாள். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து நின்றது. அடியில் மஞ்சளாகச் சீழ்.

"ஒங்களுக்குப் பைத்தியமா? இதுக்கா நா தெனம் ஒக்காந்து பூசுனேன்?"

"பூசச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா? என் நெரய எடுத்துக்கிட்ட. என் அடுப்ப எடுத்துக்கிட்ட. என் புருசன் ஒன் ரொட்டியத் தின்னுபுட்டு இப்பிடி ஒரு ரொட்டி தின்னதே இல்லங்குறாரு. இந்த நகத்தையாவது என்கிட்ட வுடு!"

சர்மிளாவுக்கும் கோபம் வந்தது.

"நா இந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து, ஜீவராணி மாதிரி எடு, ஜீவராணி மாதிரி ஆக்குன்னு கேட்டுக் கேட்டு வயிறெரிஞ்சு கெடந்தேன். நா அத்தன வருசம் தாங்குனேன். ஒங்களால ஒரு மழக்காலம் தாங்க முடியலையா?"

ஜீவராணிக்குக் குளிர் நடுக்கம் வந்தது. அன்றைக்கே வேன் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து, பெயர்ந்த நகத்தை வெட்டி, கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதாகவும், புண் ஆறும்வரை அடுத்த ஊசி கிடையாது என்றும் டொக்டர் சொன்னார். நோய் அதுவரை பொறுத்திருக்குமா என்று ஜீவராணி கேட்டாள். தள்ளிப்போடாமல் இருப்பதுதான் நல்லது என்றார் அவர். அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஒரு கைப்பிடி கொழுந்துக்காகத் தான் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று கட்டிலில் கிடந்து நினைத்தாள்.

நர்ஸ் மிஸ் மற்ற ஒன்பது விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலை நன்றாகக் கவனித்திருப்பது யார் என்று கேட்டாள். சர்மிளா என்று தெரிந்ததும் அவள் தோளைத் தட்டி, கெட்டிக்காரி என்றாள். அந்த வலியிலும் ஜீவராணிக்குச் சுருக்கென்றது. என் விரல், பாராட்டு இவளுக்கா?

வீட்டுக்கு வந்த அன்று மாலை, "டப்பாவ இங்க குடு" என்றாள்.

"நெசமாவா, இல்ல போன தடவ மாதிரியா?"

"கண் முன்னால பூசுறேன், பாத்துக்க."

ஒற்றித் துடைத்து, விரல் விரலாக, நகக்கண்வரை பூசினாள். சர்மிளா ஒரு நாள் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. இராத்திரிக்குப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டாள். வெயிலில் நீளக்கைச் சட்டை இல்லாமல் வாசலுக்கு வரவில்லை. கோப்பை கழுவச் சொல்லிச் சர்மிளாவை அவளே கூப்பிட்டாள், கொஞ்சம் அதிகாரமாகவே.

புண் ஆறியது. அடுத்த தடவை போனபோது நர்ஸ் மிஸ் பத்து விரலையும் பார்த்தாள். இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. இன்றைக்கு ஊசி ஏற்றலாம் என்றாள். யார் பூசியது என்று அவள் கேட்பாள் என ஜீவராணி காத்திருந்தாள். ஆனால் அவள் கண் சர்மிளாவின் வெடித்த விரல்களில் விழுந்துவிட்டது. ஐயோ, இது எப்படி என்று கேட்டுக்கொண்டே அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, என்ன பூச வேண்டும், எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். சர்மிளா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜீவராணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மிஸ், நோயாளி நான்" என்று சொல்லி, கையை நீட்டினாள்.