வெள்ளிக்கிழமை மாத்திரை

மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் வேண்டியது இரண்டு மொழி அல்ல, மாறாத முகம். சமையலை முடித்துவிட்டு லிட்டில் இந்தியாவில் ஒரு பெண்கள் கிளினிக்கில் டாக்டரின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும் தொண்டூழியம் எனக்கு. இனப்பெருக்கப் பாடத்தை சிஸ்டர் கிளிப் போட்டு மூடிவைத்த கான்வென்ட்டில் படித்தவள் நான். அடுத்தவர் அந்தரங்கத்தை உரக்கச் சொல்லவேண்டிய சக பாவிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கேள்வி யாருக்கு?

மார்சிலிங்கிலிருந்து தேவி வந்தாள், கூடவே கணவர் குமார், கப்பல் பட்டறை இன்ஜினியர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டர் தேவியைக் கேட்டால் குமார் பதில் சொல்கிறார். தலைவலி உண்டா என்றாலும் அவர்தான். எனக்குப் பொறுமை கிடையாது. டாக்டர் சொல்லாததையும் மொழிபெயர்த்தேன்: சார் வெளியே இருக்கவேண்டுமாம்.

கதவு சாத்தியதும் தேவி கொட்டித் தீர்த்தாள். "ரெண்டு புள்ள போதும்க்கா. பாலர் பள்ளியில இப்பதான் வேலை கிடைச்சிருக்கு. இன்னொண்ணு வந்தா வேலைய விட்டுட்டு ஊருக்குப் போய் அவரோட அம்மாகூட இருன்னு சொல்லிட்டார்."

தினமும் என்றால்

கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, மறக்கக் கூடாது என்று நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது நாள் தள்ளிப்போயிருந்தது. ஒரு நாள்கூட மறக்கவில்லை என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கையில் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். கிழமை அச்சிட்ட அட்டை. வெள்ளிக்கிழமைகள் மட்டும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மாறாத என் முகம் மாறிவிட்டது. அவளுக்கோ என்மேல்தான் வருத்தம்.

"மறக்கலக்கா. வெள்ளிக்கிழமை விரதம். தண்ணியத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டேன்."

குமாருக்கு வியர்த்தது

கர்ப்பமில்லை என்று முடிவு வந்தது. தேவி அழுது முடித்ததும் டாக்டர் குமாரையும் உள்ளே கூப்பிட்டார். பெண்ணின் கைத்தோலுக்கு அடியில் வைத்தால் மூன்று வருடம் கரு தங்காமல் காக்கும் சின்னக் குச்சி, ஆணுக்கான சின்ன அறுவை, இரண்டையும் விளக்கினார். ஆண் சமாசாரத்தை நான் கொஞ்சம் நிதானமாகவே மொழிபெயர்த்தேன். குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்.

அதையும் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் தேவி இடது கையை நீட்டிவிட்டாள். அதுவரை எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ, நேராக ஆங்கிலத்தில்: "டாக்டர், யூ புட் ஹியர். ஹிஸ் மதர் நோ நீட் ஆஸ்க் லா."

இத்தனை நாள் தொண்டில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு, அப்போது வாயை மூடிக்கொண்டதுதான்.