மடுமாதாவுக்கு வைத்த தாடி

என்னைத் தத்தெடுப்பதற்காக ஒரு மனிதர் அரசாங்க அலுவலகங்களுக்கு, கந்தோர் கந்தோராக அலைந்த காலத்தில், அரசாங்கம் போட்ட முட்டுக்கட்டை போதாதென்று தானாகவே ஒன்றை முகத்தில் வளர்த்துக்கொண்டும் அலைந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்களை ஊருக்கு, விடத்தல்தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட சமயம் அது. எனக்கு எட்டு வயது. என்னைப் பெற்ற அம்மா செல்லடியில் என் கண்ணுக்கு முன்னாலேயே போய்விட்டார். அப்பா தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வாளியோடு போனவர், திரும்பவில்லை. அப்பாவோடு ஒரே வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போன மாமாவும் அவர் மனைவியும்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முகாமில் எனக்குப் பேன் பார்த்து, சோறு தீத்திவிட்ட அந்த மனுசியை எப்போது அம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. மாமா மட்டும் மாமாவாகவே இருந்தார். அப்பா என்ற பெயருக்கு ஏற்கனவே ஒருவர் இருந்தார். தண்ணீர் எடுக்கப் போயிருந்தார், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் கிராம அலுவலரான விதானையார் சொல்லிவிட்டார். "தத்தெடுக்கிறதுக்குக் கடுதாசி எடுங்கோ. இல்லாட்டி பிள்ளையைச் சிறுவர் இல்லத்திலை விடச் சொல்லுவாங்கள்." அன்றே மாமா மடுவுக்குப் போய் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். அதோடு சவரம் செய்வதை நிறுத்தினார். என்ன நேர்த்தி என்று கேட்டால், வெளியில் சொன்னால் பலிக்காது என்றார். சொல்ல என்ன இருக்கிறது, கடுதாசி கைக்கு வரும் வரைக்கும் தாடி என்று ஊரே முடிவு கட்டியது.

முதல் கந்தோரிலேயே வினை தொடங்கியது. அங்கிருந்த ஐயா அடையாள அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது நீங்களில்லையே."

"நான்தான் சேர். தாடி மட்டும் புதுசு."

"அப்ப வழிச்சுப்போட்டு வாங்கோ."

மாமா வழிக்கவில்லை. விதானையாரிடம் போய், இவர்தான் அவர் என்று கடிதம் வாங்கி வந்தார். அதற்குள் அந்த ஐயா லீவில் போய்விட்டார். அடுத்த கந்தோரில் புதுப்படம் கேட்டார்கள். படம் எடுத்து, அவர்கள் கூப்பிட்டு விசாரித்தபோது தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் படத்துக்கும் இந்த ஆளுக்கும் பொருத்தமில்லை என்றார்கள். சோதனைச் சாவடி ஆமிக்காரன் ஒவ்வொரு முறையும் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்தான். வெயிலில் காத்து நின்ற சனம் முழுக்க எங்களை முறைத்தது.

பிறகு, பிள்ளைகளின் விஷயம் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தார். எங்கள் தகரக் கொட்டிலுக்குள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கதிரையில் அமர்ந்து, அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"இவருக்கு மனநிலை ஏதும் சரியில்லையோ?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, இல்லை மிஸ். நேர்த்தி."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு மாமாவிடம் திரும்பி, பிள்ளையின் தகப்பன் இறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு முன்னாலை அதைக் கேக்காதேங்கோ, மிஸ்," என்றார். என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் போனதும் அம்மா வெடித்தார். "உந்தக் கோதாரித் தாடியாலை பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்கள். உங்களுக்குப் பிள்ளை வேணுமோ, தாடி வேணுமோ?"

"ரெண்டும் ஒண்டுதான்."

விசர் மனுசன் என்று தலையில் அடித்துக்கொண்டு அம்மா பங்குச் சுவாமியாரிடம் ஓடினார். நேர்த்தியை மாற்றி வைக்கச் சுவாமியாருக்கு அதிகாரம் உண்டு. அவர் மாமாவைக் கோவிலுக்குள் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். வெளியே வந்த சுவாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரை விடுங்கோ, பிள்ளை. தாடி தன்ரபாட்டிலை போகும்," என்றார். சுவாமியாருக்கும் விசர் தொற்றிவிட்டது என்றுதான் அம்மா நினைத்தார்.

எப்படியோ வழக்கு மன்னாருக்குப் போனது. நீதவான் ஐயா என்னை அருகில் கூப்பிட்டு, மாமாவைக் காட்டி, "இவர் உமக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"மாமா," என்றேன்.

"இவரோடை இருக்க உமக்கு விருப்பமோ?"

"ஓம்."

கட்டளை கிடைத்துவிட்டது. அம்மா அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த சலூனைக் காட்டினார். மாமா கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சலூனைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தார். கடுதாசி வந்த பிறகும் ஒரு மனிதர் நாண்டுகொண்டு நின்றால் யார்தான் என்ன செய்வது?

சில மாதம் கழித்து கோவிலில் எனக்கு முதல்நன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, எல்லாம் போட்டு நான் வாசலில் நின்றேன். விடியற்புறம் கடலால் வந்த மாமா, குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே என்னைத் தூக்கிக் கொஞ்சினார். தாடி கன்னத்தில் குத்தியது. அதில் ஒட்டியிருந்த மீன் செதில் என் முக்காட்டில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"சீ, அப்பா, விடுங்கோ! உந்தத் தாடியை வழியுங்கோவன். ஊரே சிரிக்குது."

அவர் என்னை மெதுவாக இறக்கிவிட்டார்.

"முதல்லை என்ன சொன்னனீ?"

"தாடியை வழியுங்கோ எண்டனான்."

வேறொன்றும் கேட்காமல் கிணற்றடிக்குப் போனார். பூசைக்கு மணி அடித்தபோது, தாடையெல்லாம் வெளிறி, இரண்டு இடத்தில் பிளேடு வெட்டி, யாரோ போல வந்து என் பின்னால் நின்றார். பூசை முழுக்க அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெட்டிய இடம் எரிகிறதாக்கும் என்று நினைத்தேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கந்தோர்க்காரர், ஆமிக்காரன், அம்மா, சுவாமியார் எல்லாரும் சேர்ந்து எடுக்க முடியாத தாடியை நான் ஒரே அதட்டலில் எடுத்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவரை அசைத்தது என் அதட்டல்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.