கபடி வேணும், மாஸ்டர் வேணாம்

பனியனுக்கு அளவெடுக்கப் போன நான் கபடி அணிக்கு மேனேஜர் ஆகித் திரும்பி வந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஆரணியில் பட்டுக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குத் தையல் கடை. கல்யாண ரவிக்கைதான் பிழைப்பு. ஊரிலிருந்த ஒரு கபடி கிளப், பெண்களுக்கென்று புதிதாக ஓர் அணி தொடங்கியது. அளவெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கிளப் தலைவர் வந்து நின்றார். ஊரில் பெரிய பட்டு வியாபாரி.

"வெளியூர் மேட்சுக்குப் போனா கூட ஒரு லேடீஸ் போவணும்மா. அப்பத்தான் பெத்தவங்க அனுப்புவாங்க. நீங்க போய் வரீங்களா?"

கபடியில் எனக்கு ஒரு விதியும் தெரியாது. வேனில் ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்று மட்டும் தெரிந்தது. சரி என்றேன்.

ஆட்டக்காரிகளில் பாதிப் பேர் தறி வீட்டுப் பெண்கள். மீதிப் பேர் சந்தவாசல், படவேடு பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிற வீடுகள். ஆரம்பத்தில் இரண்டு கூட்டமும் தனித்தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டது. ஒரு சீசன் முடிவதற்குள் எந்த டிபன் பாக்ஸ் யாருடையது என்று எனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று. வேன் கிளம்பியதும் பாட்டு ஆரம்பிக்கும், ஊர் வந்து சேரும்வரை ஓயாது. டிரைவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டுவார். வாழ்க்கையில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மாநில அளவில் ஆடியவர். எதிரணிப் பெண் மூச்சை இழுக்கிற விதத்தை வைத்தே அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் கையில் எப்போதும் ஒரு புங்கங்குச்சி இருக்கும். பிடியைத் தவறவிட்டால் கெண்டைக்காலில் ஓர் அடி. இரண்டாவது முறை தவறவிட்டால் அன்று முழுக்கத் தண்ணீர் கிடையாது. அடியைவிட வாய் மோசம். உடம்பைச் சொல்லுவார், வீட்டைச் சொல்லுவார். நான் ஒரு தடவை கேட்டதற்கு, "நீங்க ஜாக்கெட்டு தைக்கறதப் பாருங்க. இது கோச்சிங்" என்றார். கிளப் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். பவர்லூம் வைத்திருந்தவர். "மாஸ்டர்னா அப்படித்தாம்மா" என்று முடித்துவிட்டார்.

மாஸ்டர் வேனில் ஏறினால் பாட்டு நிற்கும். அவர் பஸ்ஸில் தனியாகக் கிளம்பிப் போகிற நாட்களில்தான் நான் முன்பு சொன்ன அந்தச் சத்தம்.

தெள்ளாரில் ஒரு போட்டி. இறுதி ஆட்டத்தின் பாதியில் எங்கள் கேப்டன், சந்தவாசல் பெண், பாடிப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். இடைவேளையில் எல்லோரும் மாஸ்டரைச் சுற்றி நின்றார்கள். அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "கூலிக்காரன் பெத்ததுக்கு மூள எங்க இருக்கும்?" என்றார்.

கேப்டன் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கோட்டுக்குள் போனாள். ஆட்டத்தை ஜெயித்தும் கொடுத்தாள். வரும்போது கோப்பை வேனின் கடைசி சீட்டில் உருண்டுகொண்டே வந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொள்ள ஒருத்தியும் கை நீட்டவில்லை.

அடுத்த வாரம் பயிற்சிக்குக் கேப்டன் வரவில்லை. அவளோடு பஸ் ஏறுகிறவர்களும் வரவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு சந்தவாசலுக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் வீட்டு வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார்.

"அடிச்சது கூடப் போவுதும்மா. எம் வூட்டுக்காரர இழுத்துப் பேசினானாமே. அவுரு இன்னா பண்ணாரு அவன? வெயில்ல வேல செஞ்சிகினு கெடக்கறாரு" என்றார். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்.

நான் பெண்ணிடம் கேட்டேன். "ஆட்டத்த வுட்டுடப் போறியாம்மா?"

"யாரு சொன்னது?" என்று நிமிர்ந்தாள். "எனக்கு கபடி வேணும்க்கா. மாஸ்டர்தான் வேணாம்."

இவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆரணி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தலைவர் கடைக்குப் போனேன்.

மறுநாள் கடை மாடியில் கமிட்டி கூடியது. சேலை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையில் தலைவர், செயலாளர், கமிட்டியில் இருந்த ஒரே பெண்ணான டாக்டரம்மா, நான். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

செயலாளர், "கப்பு வந்துகினுதானே இருக்கு" என்றார்.

"கப்பு வருது சார். பொண்ணுங்க வரலையே" என்றேன்.

"அப்போ ரெண்டு பேரையும் எதிர எதிர நிக்க வெச்சு சமாதானம் பண்ணிடலாம். எதுக்குப் பேஜாரு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அடிச்சவர எதிர்ல வெச்சுகிட்டு அந்தப் பொண்ணு என்ன சார் பேசுவா? முதல்ல எல்லாப் பொண்ணுங்களையும் தனித்தனியா கேப்போம். அப்புறம் மாஸ்டரையும் கூப்பிட்டுக் கேப்போம். கேக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா கேட்டு முடிக்கற வரைக்கும் அவர் மைதானத்துக்கு வர வேணாம்."

தலைவர் மெத்தையில் கிடந்த ஒரு சேலையை மடித்து வைத்தார். மாஸ்டரைக் கொண்டுவந்து சேர்த்தவரே அவர்தான். கடைசியில், "டாக்டரம்மா சொல்ற மாதிரியே செய்வோம். மாஸ்டர் கிட்ட நா போய்ச் சொல்றேன். வேற யாரும் போவ வேணாம்" என்றார்.

பெண்களிடம் கேட்பதற்கு என் தையல் கடையைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன், வெளியே காத்திருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காது. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். அளவெடுக்கும் இடத்தில் நின்று பழகியவர்கள் என்பதாலோ என்னவோ, தயங்காமல் பேசினார்கள். ஒருத்தி சட்டைக் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். இன்னொருத்தி பயிற்சிக்கு வரும் முன்னால் தினமும் வாந்தி எடுப்பதாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் வேனில் அப்படிப் பாடியிருக்கிறார்கள். எனக்கு நூல் இரண்டு முறை அறுந்தது. கடைசியாக வந்த சின்னப் பெண் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, அடுத்த தபா டிராயருக்கு ஒரு பாக்கெட் வெச்சுத் தாங்களேன், பஸ் பாஸ் வெச்சுக்க எடமில்ல" என்றாள். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் கமிட்டி முன்னால் வந்தார். எதையும் மறுக்கவில்லை.

"நானும் அடி வாங்கித்தான் கத்துகினேன். அடிச்சாத்தான் ஆட்டம் வரும்" என்றார்.

தலைவர், "நீங்க வாங்கினத அந்தப் பசங்களுக்குத் திருப்பிக் குடுக்க வேணாம் மாஸ்டர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கேப்டன் கிட்டயும் அவங்க அப்பா கிட்டயும் மன்னிப்புக் கேப்பீங்களா?"

மாஸ்டர் எழுந்துகொண்டார். "நா இல்லாம ஒரு ரவுண்டு தாண்டட்டும், பாக்கறேன்" என்று படியிறங்கிப் போனார். அதோடு கமிட்டி அவரை நிறுத்திவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களை மைதானத்துக்கு வரச் சொன்னோம். செயலாளருக்கு அதில் விருப்பமில்லை. வெளியே தெரிந்தால் கிளப்புக்குக் கெட்ட பெயர் என்றார். தலைவர் கேட்கவில்லை. தறி வீட்டுக்காரர்களும் சந்தவாசல்காரர்களும் கலந்து உட்கார்ந்திருக்க, வெள்ளை வேட்டியோடு எழுந்து நின்றார்.

"உங்க பொண்ணுங்கள நம்பி அனுப்பினீங்க. இங்க அடிச்சிருக்காங்க, கேவலமாப் பேசியிருக்காங்க. மேனேஜரம்மா சொல்லியும் கமிட்டி காதுல வாங்கல. மன்னிச்சுக்குங்க. இனிமே யாரு கோச்சா வந்தாலும் கை படாது, வூட்டப் பத்திப் பேச்சு வராது. எங்க கமிட்டில ஒருத்தர் தெனம் இங்க உக்காந்துகினு இருப்போம்."

கேப்டனின் அப்பா பின்வரிசையில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் தலைவர் நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பும்போது அப்பா மகளிடம், "ஜல்தியா போய் டிரஸ் மாத்திகினு வா, ஆட்டத்தப் பாத்துட்டுப் போறேன்" என்றார். மாஸ்டர் இல்லாமல், அவர்களாகவே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். கீழே விழுந்தவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், விழுந்தவளும் சிரித்தாள். அந்த மைதானத்தில் அந்தச் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன்.

புதுப் பயிற்சியாளராகப் படவேட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். கல்யாணத்துக்கு முன் நன்றாக ஆடியவர். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. "எனக்கு பஸ்ஸு கம்மி. சாயங்கால பஸ்ஸ வுட்டா நடுரோட்லதான் நிக்கணும். டைமுக்கு வுட்டுடணும்" என்றார். அதனால் பயிற்சி நேரத்தோடு ஆரம்பித்து நேரத்தோடு முடிந்தது. அவரும் கண்டிப்புதான். பிடி சரியாக வரும்வரை விடமாட்டார். ஆனால் தவறு செய்தவளைக் கூப்பிட்டு, "எங்க வுட்ட, நீயே சொல்லு" என்பார். அவள் யோசித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். தாகம் என்றால் ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கலாம். குழந்தை பெரும்பாலும் என் மடியில்தான் தூங்கியது.

தினமும் ஒருவர் உட்கார வேண்டும் என்ற முறையில் தலைவர் பங்குதான் அதிகம். பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்கில் காபி. முதல் மாதம் சும்மா பார்த்தார். அடுத்த மாதம் யோசனை சொன்னார், எல்லாம் தப்பு. அதற்கடுத்து வெளியூர்ப் போட்டியில் நடுவரோடு சண்டைக்கே போய்விட்டார். பெண்கள்தான் அவரை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மாஸ்டர் சொன்னது போலவே அந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றோம். செயலாளர் முகம் சுருங்கிப் போயிற்று. தலைவர், "தோத்தாச்சு. பசிக்கிது. வாங்க" என்று எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். இரண்டு மேஜையை ஒட்டிப் போட்டு தோசை தின்றோம். புதுக் கோச்சும் எங்களோடு வேனில்தான் வந்தார். பாட்டு நிற்கவில்லை, அவர்தான் எடுத்துக் கொடுத்தார். டிரைவர் பஞ்சைத் தேடினார்.

கொஞ்ச நாளில் இன்னொரு ஊர் கிளப்பிலிருந்து தலைவருக்குப் போன் வந்தது. மாஸ்டரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தலைவர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஆட்டம் நல்லாத் தெரியும், பிள்ளைகளை அடித்தார், அதனால் அனுப்பினோம் என்றார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு பொங்கலுக்கு ஆரணியிலேயே போட்டி நடத்தினோம். இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். இடைவேளையில் பின்தங்கியிருந்தோம். கோச் ஒரு யோசனை சொன்னார். முன்பு பாக்கெட் கேட்ட சின்னப் பெண், இப்போது நெடுநெடுவென்று வளர்ந்திருந்தவள், மறுத்துத் தலையாட்டினாள்.

"இல்லக்கா, நீங்க சொல்றது தப்பு. எதிர்ல அந்த ஓரமா நிக்கிற பொண்ணு எடது காலத் தூக்கித் தூக்கி வெக்கிறா. அங்க வலி இருக்கு. அந்தப் பக்கம் போனா அவளால திரும்ப முடியாது."

எல்லோரும் கோச்சைப் பார்த்தார்கள். அவர் எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, நாங் கவனிக்கல. நீ சொல்ற மாதிரியே ஆடுங்க" என்றார்.

அப்படியே ஆடினார்கள், ஜெயித்தார்கள். மேளக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். பெண்கள் கோச்சைத் தூக்கினார்கள். அவர் குழந்தை, இப்போது ஓடித் திரிகிற பிள்ளை, தன்னையும் தூக்கச் சொல்லி அழுதது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாளத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல், செயலாளரையும் இழுத்துவிட்டு ஆடினார். நான் கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மண் ஒட்டிய முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கேப்டன் வந்து என் கையைப் பிடித்து, "அக்கா, உக்காந்துகினு இன்னா பண்றீங்க, எழுந்து வாங்க" என்று இழுத்துப்போனாள்.