கோன்செட் கழற்றும் மேய்யூன்

சுத்தியலை ஓங்குவதற்கு முன்னால் மேய்யூன் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கடா ராசா" என்று, ஹேண்டில் தண்டு நுழைகிற தலைக்குழாயைத் தட்டிக்கொடுப்பாள். அப்புறம் விழுகிற அடியில் இரக்கமே இருக்காது.

தைனான் நகரில், கடல் அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் முட்டுச்சந்தில் அவளுடைய ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை. குள்ளமான, உருண்ட தோள்கள். பூப்போட்ட சமையல் ஏப்ரன். கன்னத்தில் எப்போதும் உப்பு பிளம் ஒன்று ஒதுங்கியிருக்கும். டயர், பிரேக் எல்லாம் பார்ப்பாள் என்றாலும் பெயர் வாங்கியது கோன்செட் வேலையில்தான். ஹேண்டில் இலகுவாகத் திரும்பத் தலைக்குழாயின் மேலும் கீழும் உட்கார்ந்திருக்கிற பேரிங் குண்டுகளும் வளையங்களும்தான் கோன்செட்; அவை தேய்ந்துபோனால் ஊரே வண்டியோடு அவளிடம் வரும். புது வளையங்களை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மீனோடு மீனாக வைத்திருப்பாள். குளிரில் சுருங்கினால் குழாய்க்குள் சுளுவாக இறங்குமாம். ஒருதடவை அவள் கணவன் இருட்டில் தடவி எடுத்து, வளையத்தையும் சேர்த்துச் சூப்பில் போட்டுவிட்டான். "இரும்புச் சத்துன்னு குடிச்சிட்டோம்" என்பாள்.

போன மழையில் ஜின்ஃபா வண்டியை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். அவரும் மனைவி லீஹுவாவும் சந்தை வாசலில் பால்கெண்டைக் கஞ்சி விற்கிறவர்கள்.

"இதை யாருக்காவது வித்துக் குடுத்துடும்மா. என் கை போயிடுச்சு."

"என்னண்ணே ஆச்சு?"

சந்தைத் திருப்பத்தில் விழுந்துவிட்டார்களாம். பின்னால் லீஹுவா, அவள் மடியில் சூப்புப் பானை. பானை போயிற்று, இடுப்பில் நல்ல அடி. அடி ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து லீஹுவா வண்டியில் ஏறுவதில்லை. வீங்கின முட்டியோடு விடியலில் கடைக்கு நடந்தே போகிறாள்.

"ஒரு வார்த்தை திட்டலை. திட்டினாக்கூடத் தேவலை" என்றார் ஜின்ஃபா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மேய்யூன் அவர் கைகளை நீட்டச் சொன்னாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நடுங்கக் காணோமே" என்றாள். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். நடுவில் வந்ததும் அது 'டக்'கென்று பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றது. பிளம் பழம் மறு கன்னத்துக்கு மாறியது.

சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் கழன்றன. மேல் நட்டைத் திருகி எடுத்ததும் குண்டுகள் பொலபொலவென்று தட்டில் உதிர்ந்தன. குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டு, வளையத்தின் விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் சாய்ந்து இறுகிவிடும். குழாய்க்குள்ளிருந்த இரண்டும் வந்துவிட்டன. ஃபோர்க்கின் அடித்தண்டில் மாட்டியிருந்த மூன்றாவது வளையம்தான் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. உளியை அடியில் கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். அசையவில்லை. நெருப்பைக் காட்டிச் சூடேற்றி, மறுபடி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு போடு போட்டாள். கழன்று உருண்டது.

ஆறவைத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, ஜின்ஃபாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள்.

"பள்ளம் பள்ளமா இருக்குல்ல? குண்டெல்லாம் இதுல போய் உக்காந்துக்கும். திரும்ப விடாது. நீங்க பலமாத் திருப்பினா ஹேண்டில் வெடுக்குன்னு ஒரேயடியாத் திரும்பிடும். உங்க கை இல்லண்ணே, இதுதான்."

அவர் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். "அவகிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டவா?"

"அக்காவுக்கு எதுக்கு இரும்பு? நாளைக்கு வரச் சொல்லுங்க."

மறுநாள் கஞ்சி தீர்ந்ததும் ஜின்ஃபாவோடு லீஹுவா வந்தாள். அதற்குள் புது வளையங்கள் வண்டியில் இறங்கியிருந்தன. தூறலில் எதிர்க்கூரையின் கீழ் நின்று, கடித்த நாயைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்தாள். "நடக்கறது உடம்புக்கு நல்லதுதான்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

அடுத்தவர் பிடித்த ஹேண்டிலை நம்பிப் பின்னால் ஏறுவது மேய்யூனுக்கு அறவே பிடிக்காது. கணவன் பின்னால்கூட உட்காரமாட்டாள். அன்று ஜின்ஃபாவின் பின்னால் ஏறி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கோயிலைச் சுத்துங்கண்ணே" என்றாள்.

முதல் சுற்றில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். அடுத்த சுற்றில் ஒரு கையை விட்டாள். அதற்கடுத்து, சந்து முனையில் வண்டி அலுங்காமல் திரும்புகையில், இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள்.

லீஹுவா குடையை மடக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"எறங்குடி. எவ்ளோ நேரம் அடுத்தவ புருசன் முதுகுல சாஞ்சுக்கிட்டிருப்ப?"

ஜின்ஃபா திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேய்யூன் இறங்கினாள். இருக்கையில் மழைநீரும் அவள் ஏப்ரனின் கிரீஸும் அப்பியிருந்தன. சட்டைக் கையின் சுத்தமான பக்கத்தை இழுத்து உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டு, லீஹுவா உட்கார மூலை விடாமல் அதைத் துடைக்கத் தொடங்கினாள்.