ஓடையிலிருந்து வந்த கட்டில்

காலை ஆறு இருபதுக்குப் போன் வருகிறது. கல்வராயன் மலைக் காட்டில் தவளைகளையும் பாம்புகளையும் கணக்கெடுக்கப் போன இருவரில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டதாம். யாரை என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. ஒருத்தி என் மகள் நிலா. மற்றவன் அவளோடு படிக்கும் கதிர்.

கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து, வெள்ளிமலை டீக்கடை வாசலில் தூறலில் நிற்கிறேன்.

"உள்ள வாங்க சார். அதுங்க போயிருக்கிற ஓடைக்கு ரோடு இல்ல, கட்டில்லதான் தூக்கிக்கினு வரணும்," என்கிறார் கடைக்காரம்மா. "பாம்ப பாத்தா நாங்க ஓடுவோம். இதுங்க புடிச்சி அளந்துக்கினு இருக்குதுங்க."

"கடிபட்டது பையனா, பொண்ணா?"

"தெரியலியே சார்."

நால்வர் கட்டிலோடு இறங்கி வருகிறார்கள். பின்னால் நிலா நடந்து வருகிறாள். எனக்கு உயிர் திரும்புகிறது. அப்புறம்தான் கட்டிலில் முகம் மூடியிருப்பதைப் பார்க்கிறேன்.

"கட்டுவிரியன் மாதிரியே விஷமில்லாத ஒண்ணு இருக்குப்பா. இது அதுதான், புடின்னு கதிர்கிட்ட நான்தான் சொன்னேன்."